பயறு வேகவில்லையா, குழைந்துவிட்டதா, வயிற்றைப் படுத்துகிறதா: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கி ஒரு கிண்ணம் கொறிப்பது வேறு. அதையே ஒரு வேளைச் சாப்பாடாகத் தட்டில் நிறைப்பது வேறு. கொறிக்கும்போது நாலு கடலை மணிகள் வேகாமல் இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. சாப்பாடே அதுதான் என்றால் வேகாத மணி, சாரமில்லாத மணி, வயிற்றை ஊதவைக்கும் மணி எல்லாமே பெரிய புகாராகிவிடும். ராஜ்மா, மொச்சை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு என்று முழுப்பயறுகளை முதன்மை உணவாகச் சமைக்கத் தொடங்கியவர்களுக்கு வழக்கமாக வரும் கோளாறுகளை இங்கே அறிகுறிவாரியாகத் தந்திருக்கிறேன். உங்கள் பாத்திரத்தில் தெரிவது எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம்.

பயறு கெடுவது பெரும்பாலும் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அது எவ்வளவு பழையது, எந்தத் தண்ணீரில் ஊறியது, புளிப்பு எந்த நேரத்தில் சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். நாமோ எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை விசில் விட்டாய்?" என்பதைத்தான்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியை நசுக்கிப் பார்த்தால் போதாது. பாத்திரத்தின் அடியிலிருந்து, ஓரத்திலிருந்து, மேலிருந்து என ஐந்து மணிகளை எடுங்கள். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ஐந்தும் மசிய வேண்டும். ஒன்று மறுத்தாலும் வேக்காடு முடியவில்லை என்றே பொருள்.

அறிகுறி: எவ்வளவு நேரம் வைத்தாலும் கல்லாகவே இருக்கிறது

முதலில் எல்லா மணிகளும் கல்லா, அங்கொன்றும் இங்கொன்றுமாகவா என்று பாருங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் அவை ஊறவே இல்லாத மணிகள். கொள்ளிலும் பச்சைப்பயறிலும் இது சகஜம். அவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. இரவு முழுக்கக் கிடந்தாலும் போட்டபடியே இருக்கும். ஊறியவை ஒன்றரை மடங்குக்கு மேல் பருத்திருக்கும் என்பதால், அகலமான தட்டில் பரப்பினால் பருக்காத பொடி மணிகள் தனியாகக் கண்ணில் படும். பொறுக்கி எறிந்துவிடுங்கள். வேகவைத்த பிறகு தேடுவது வீண் வேலை, அப்போது பல்தான் தேடிக் கண்டுபிடிக்கும்.

எல்லாமே கல் என்றால் முதல் சந்தேகம் வயதின்மேல் விழ வேண்டும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பயறு மெல்ல மெல்ல வேகும் தன்மையை இழக்கிறது. பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வேகும்போது அது கரைந்தால்தான் மணி மசியும். பழைய பயறில் ஃபைட்டேட் என்ற சேர்மம் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் வெளியே வந்து பெக்டினை இறுக்கிக் கட்டிவிடுகின்றன. பிறகு எத்தனை விசில் விட்டாலும் கட்டு அவ்வளவு எளிதில் அவிழாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கம் இதற்கு மிகவும் தோதான சூழல்.

பழைய பயறை நிறத்தில் கண்டுபிடிக்கலாம். ராஜ்மாவின் சிவப்பு பழுப்பாக இறங்கியிருக்கும், வெள்ளைக் கொண்டைக்கடலை மங்கலாகத் தெரியும், தோலில் பளபளப்பே இருக்காது. நிறைய விற்று வேகமாகத் தீரும் கடையில் வாங்குவதுதான் முதல் மருந்து. வீட்டில் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு: டப்பாவின் அடியில் கிடக்கும் பழைய கடலையின்மேல் புதியதைக் கொட்டுவது. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வேகும் என்பதால், ஒரே குக்கரில் பாதி குழைந்து பாதி கல்லாக நிற்கும். டப்பாவைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததை நிரப்ப வேண்டும்.

கைவசம் உள்ளது பழைய கொண்டைக்கடலைதான் என்றால் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். நன்றாக ஊறவைத்து, வேகவைக்காமல், இஞ்சி, பச்சைமிளகாய், வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து மசால் வடை பதத்தில் தட்டுங்கள். வேக மறுக்கும் கடலை அம்மியிலும் மிக்ஸியிலும் மறுக்காது. ராஜ்மாவுக்கு மட்டும் இந்த வழி கிடையாது. காரணம் கீழே வருகிறது.

அடுத்த சந்தேகம் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் பயறு வேகாததற்குக் கடையைத் திட்டுவது வழக்கம். ஆனால் கெண்டியின் உட்புறத்திலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுதான் பயறையும் இறுக்குகிறது: கால்சியமும் மக்னீசியமும். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. குடிக்க அனுமதித்த தண்ணீர் பயறு வேகவைக்கவும் உகந்தது என்று அதற்குப் பொருளில்லை. சந்தேகம் தீர எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே பையிலிருந்து இரண்டு கைப்பிடி கடலை எடுத்து, ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும் மற்றதைச் சுத்திகரித்த கேன் தண்ணீரிலும் ஊறவைத்து, தனித்தனிக் கிண்ணங்களில் அதே தண்ணீரோடு, ஒரே குக்கருக்குள் வைத்து வேகவையுங்கள். கேன் தண்ணீர்க் கடலை மட்டும் மசிந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். கேன் தண்ணீருக்கு வழியில்லாதவர்கள் குழாய் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிவது படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துப் பயன்படுத்தலாம். கடினத்தன்மையில் ஒரு பகுதி இப்படிப் போய்விடும்.

மூன்றாவது புளிப்பு. புளிக்கரைசல், தக்காளி, எலுமிச்சை, மோர் எல்லாமே பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்துகின்றன. மொச்சையையும் புளித்தண்ணீரையும் ஒன்றாகக் குக்கரில் ஏற்றிவிட்டு, "இந்த மொச்சை சரியில்லை" என்றால் மொச்சை என்ன செய்யும்? முக்கால் பதம் தாண்டி முழுதாக வெந்த பிறகே புளி. அதே குணம் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும்: வெந்த மொச்சையைப் புளிக்குழம்பில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டாலும் அது கரையாமல் முழுசாக நிற்பது இந்தப் புளிப்பால்தான். வெல்லமும் வேக்காட்டைத் தடுக்கும். நவராத்திரிக்குச் செய்யும் தட்டைப்பயறு இனிப்புச் சுண்டலிலும் காரடையான் நோன்பு அடையிலும் பயறை மலர வேகவைத்த பிறகே வெல்லம் சேர்ப்பது அதனால்தான். பாகில் போட்ட பயறு அதற்குமேல் ஒரு துளிகூட மெத்தென்று ஆகாது.

மலையூர்க்காரர்களுக்கு ஒரு வரி. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 92, 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கடலை வேகவைப்பது அங்கே அடுப்புக்கும் பொறுமைக்கும் வைக்கும் சோதனை. குக்கர் இல்லாமல் முயல வேண்டாம்.

உப்பும் சோடாவும்

"உப்புப் போட்டால் பயறு வேகாது" என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் சட்டம். நடப்பது நேர்மாறு. ஊறும் தண்ணீரில் உப்பு இருந்தால் சோடியம் தோலுக்குள் புகுந்து அங்குள்ள கால்சியம், மக்னீசியத்தில் கொஞ்சத்தை வெளியேற்றுகிறது. தோல் மெத்தென்று வேகும், வெடிப்பதும் குறையும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போதும்; காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு அலசப்போகிறோம் என்பதால் உப்பில் பெரும்பகுதி அதனோடு போய்விடும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் கட்டுப்படுத்துகிறவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம், பயறு அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

சமையல் சோடா கடைசி ஆயுதம். அதன் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான குணம், பெக்டினை விரைவாகக் கரைக்கும் என்பது உண்மை. கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினையும் அது அழிக்கும். அளவு கூடினால் சோப்பு நெடி வரும், தோல் வழவழத்துக் கழன்றுவிடும். பழைய கடலை, கடினத் தண்ணீர் என்ற இரட்டை இக்கட்டில் மட்டும், ஊறும் நீரில் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி போட்டு, பிறகு நன்றாக அலசிவிடுங்கள். உடம்புக்கு நல்லது என்று பயறுக்கு மாறிவிட்டு, தினமும் சோடாவில் வேகவைத்துச் சாப்பிடுவது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

அறிகுறி: வெளியே குழைவு, நடுவில் மாவு

வெந்த மணியை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிறிய வறண்ட பொட்டுத் தெரிந்தால் தண்ணீர் அங்கே எட்டவே இல்லை. ஊறல் போதாது என்பதுதான் இதன் பொருள். ஊறும் பயறில் முதலில் தோல்தான் விரியும், அதனால் மேலே சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்து "ஊறிவிட்டது" என்று எடுத்துவிடக் கூடாது. உள்ளிருக்கும் பருப்பும் பருத்துச் சுருக்கம் மறைந்து தோல் இறுக்கமான பிறகே ஊறல் முடிந்தது. கொண்டைக்கடலை, ராஜ்மா, காய்ந்த மொச்சை, கொள்ளு ஆகியவற்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். தட்டைப்பயறுக்கு நான்கைந்து மணி நேரம். பச்சைப்பயறை ஊறவைக்காமலே சமைக்கலாம். கொங்கு நாட்டுச் சமையலில் பச்சைப்பயறையும் கொள்ளையும் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்துவிட்டு வேகவைப்பார்கள். கடைசலுக்கு அந்த வறுத்த மணம் தனிச் சுவை.

இரவு ஊறவைக்க மறந்துவிட்டால் பயறை நிறையத் தண்ணீரில் இரண்டு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீரில் வேகவைக்கலாம். ராத்திரி ஊறலுக்கு முழுச் சமமில்லை, ஆனால் மானத்தைக் காப்பாற்றும்.

அறிகுறி: தோல் உரிந்து, மணி உடைந்து குழைந்துவிட்டது

குக்கரின் வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை வெளியேற்றும் பழக்கம் உண்டா? பெரும்பாலும் அதுதான் காரணம். சுமார் 120 பாகையில் இருக்கும் நீர் அழுத்தம் திடீரென்று இறங்கியதும் மணிக்குள்ளேயே பொங்கிக் கொதிக்கும்; தோல் கிழிந்து உள்ளிருப்பது வெளியே வரும். அழுத்தம் தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் பயறு வெந்துகொண்டுதான் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்தே அடுப்பை அணைக்க வேண்டும்.

விசில் கணக்கும் இதில் ஏமாற்றும். தீ பெரிதாக இருந்தால் ஐந்து விசில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தீயைக் குறைத்தால் அதே ஐந்து விசிலுக்கு அரை மணி நேரம் ஆகலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நன்றாக ஊறிய பயறுக்கு என் கணக்கு இது: கொண்டைக்கடலை 15 முதல் 20 நிமிடம், ராஜ்மா 15, காய்ந்த மொச்சை 10 முதல் 12, தட்டைப்பயறு 5 அல்லது 6, கொள்ளு 20 முதல் 25, ஊறவைக்காத பச்சைப்பயறு 8 முதல் 10. சுண்டலுக்கு இதில் குறைந்த எண்ணையும் மசிக்கும் குழம்புக்குக் கூடிய எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குக்கர், உங்கள் தண்ணீர் இரண்டுக்கும் ஏற்ப எண் மாறும். ஒருமுறை சரியான நிமிடத்தைக் கண்டுபிடித்ததும் டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

குழைந்துவிட்டதைத் திரும்ப மணியாக்க முடியாது. மத்தால் கடைந்து, சீரகமும் பூண்டும் தாளித்துக் கடைசலாக்கிவிடுங்கள். கெட்டியாக இருந்தால் வேகவைத்த காய்கறியோடு பிசைந்து தோசைக்கல்லில் தட்டி எடுக்கலாம்.

அறிகுறி: குக்கர் நுரை தள்ளி வழிகிறது

பயறு போடும் குக்கரில் தண்ணீரையும் சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முழுப்பயறு நுரைக்கும், கழன்ற தோல் மேலே வந்து ஆவித் துளையை அடைத்துவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மூடும் முன் ஆவித் துளையின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஊறவைத்த தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கிறது

சித்திரை, வைகாசி வெக்கையில் பத்து மணி நேரம் சமையல் மேடையில் ஊறும் கடலை நொதிக்கத் தொடங்கிவிடும். லேசாக நுரைத்திருந்தால் நன்றாக அலசிச் சமைக்கலாம். வழவழப்பும் நாற்றமும் இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஊறவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் குமட்டல், வாந்தி (ராஜ்மா)

மற்ற அறிகுறிகள் எல்லாம் சமையலின் குறை. இது நஞ்சு. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் மிகுதியாக இருக்கிறது. வேகாத நான்கைந்து மணிகளே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, தொடர்ந்து வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும் என்றாலும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நீர்ச்சத்து இறங்கிவிடும் என்பதால் மருத்துவரிடம் போவதே சரி.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அறிவுரை தெளிவானது: குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவையுங்கள். இங்கே கொதித்தல் என்பது முக்கியம். கொதிநிலைக்கு வராமல் மெதுவாகச் சூடேற்றி மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் மணி மெத்தென்று ஆகிவிடும், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். மெத்தென்று இருக்கிறதே என்று நம்பிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. நம் குக்கரில் நன்றாக வெந்த ராஜ்மாவில் இந்தப் பயமில்லை. மேலே ராஜ்மாவை ஊறவைத்துப் பச்சையாக அரைத்து வடை தட்டக் கூடாது என்றேனே, இதற்காகத்தான். மேல்மாவு பொன்னிறமாவதற்குள் உள்ளே போதிய வெப்பம் எட்டும் என்பதற்கு உறுதி இல்லை. முளைகட்டிய ராஜ்மாவைச் சாலடில் பச்சையாகப் போடுவதும் அதே காரணத்தால் கூடாது.

காய்ந்த மொச்சையையும் பச்சையாக மெல்ல வேண்டாம். அதில் சயனைடு தரும் சேர்மங்கள் சிறிதளவு உண்டு. ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைக்கும் நம் வழக்கம் அதற்குச் சரியான பதில்.

அறிகுறி: வயிறு உப்புசம், வாயு

பயறு பக்கமே போகாமல் பலரை விரட்டுவது இது ஒன்றுதான். ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் என்ற சர்க்கரைகள் பயறில் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. உடையாமல் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைத் தின்று வாயுவாக்குகின்றன. அந்த நுண்ணுயிரிகளுக்கு இது நல்ல தீனி, குடலுக்கும் அதனால் நன்மை உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் நன்மை இல்லை.

இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். ஆகவே ஊறவைத்த நீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் வேகவைப்பதே அடிப்படைத் தீர்வு. அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் பி வைட்டமின்களும் தாதுக்களும் போய்விடும் என்று சிலர் தயங்குவார்கள். உண்மைதான். ஆனால் வயிறு உப்பிப் பயறையே நிறுத்திவிட்டால் மொத்தமும் போகிறது, கொட்டிவிடுங்கள். முளைகட்டினால் இந்தச் சர்க்கரைகள் இன்னும் குறையும், ஏனென்றால் முளை வளர்வதற்கே அதைத்தான் செலவிடுகிறது.

பெருங்காயம், இஞ்சி, பூண்டு, ஓமம் தாராளமாகச் சேருங்கள், சுவைக்காகவே சேர்க்கலாம். ஊறலைச் சுருக்கிவிட்டுப் பெருங்காயத்தை நம்பி இருப்பதுதான் பிழை.

அளவும் ஒரு காரணம். வாரம் ஒருமுறை சுண்டல் தின்றவர் திடீரென்று தினமும் இரண்டு கிண்ணம் ராஜ்மாவுக்குத் தாவினால் குடல் ஏற்றுக்கொள்ளாது. பச்சைப்பயறு, தட்டைப்பயறு என்று இலகுவானவற்றில் தொடங்கி, அரைக் கிண்ணமாக ஒரு வாரம், பிறகு முக்கால் என்று கூட்டுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். பழகவே இல்லை, வலியும் சேர்கிறது என்றால் அது பயறின் கோளாறாக மட்டும் இருக்காது, மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறை முதன்மை உணவாக்கும் முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும். புரதமும் பொட்டாசியமும் அவர்களுக்கு அளவாகத்தான் இருக்க வேண்டும்.

அறிகுறி: குழம்பு ருசி, பயறு சப்பென்று

மணிக்குள் உப்பு போகவில்லை. வெந்த பிறகு மேலே தூவிய உப்பு மேலேயே நிற்கும். வேகும் தண்ணீரிலேயே உப்புப் போட்டு, வெந்ததும் வடித்துவிடாமல் அந்த நீரிலேயே அரை மணி நேரம் ஊறவிடுங்கள். குழம்பும் பயறும் ஒட்டாமல் தனித்தனியாக நின்றால் ஒரு கரண்டி வெந்த பயறை மசித்துச் சேர்த்தால் போதும். கடலை மாவோ சோள மாவோ தேடிப் போக வேண்டாம்.

கொள்ளு வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டு, கொள்ளு ரசத்துக்குத் தனியாகப் பொடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஊறவைத்த நீர்தான் கொட்ட வேண்டியது. வேகவைத்த நீர் ரசத்துக்கு உரியது.

அறிகுறி: தோல் வாயில் தட்டுப்படுகிறது

மொச்சைக்கு இது இயல்பு. மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை வரும்போது தோலைப் பிதுக்கி உள்ளிருக்கும் பருப்பை மட்டும் எடுத்துக் குழம்பு வைப்பது கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்து வழக்கம். பிதுக்குப் பருப்பு என்பார்கள். காய்ந்த மொச்சையையும் இரவு ஊறவைத்துக் காலையில் பிதுக்கலாம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே வரும். நார்ச்சத்தில் ஒரு பகுதி தோலோடு போய்விடும்தான். பல் இல்லாத பெரியவர்கள் உள்ள வீட்டில் அதைப் பெரிய நட்டமாக நான் கருதமாட்டேன். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யவும் இது நல்ல வேலை.

பல்லில் தட்டுப்படுவது தோல் இல்லை, கல் என்றால்? கொள்ளில் அது வரும். ஊறவைக்கும் முன் தண்ணீர் விட்டுப் பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றி மேலே வரும் கொள்ளை இன்னொரு பாத்திரத்துக்கு அரித்து மாற்றுங்கள். கல் அடியில் தங்கும்.

அறிகுறி: அடை வறட்டிபோல் இருக்கிறது

பயறைக் கூட்டி அரிசியைக் குறைத்த அடையில் இது நேரும். மாவை நைசாக அரைத்துக் கெட்டியாக ஊற்றினால் உள்ளே காற்றும் ஈரமும் இருக்காது. கொரகொரப்பாக அரைத்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்த்தி, துருவிய சுரைக்காயோ முருங்கைக்கீரையோ கைநிறையச் சேருங்கள். இரண்டு பங்கு பயறுக்கு ஒரு பங்கு அரிசி இருந்தால் முறுகலும் கிடைக்கும், பயறே முதன்மையாகவும் இருக்கும். நடுவில் துளையிட்டு எண்ணெய் விடுவது அலங்காரம் இல்லை, தடித்த நடுப்பகுதி வேக அதுதான் வழி. பச்சைப்பயறு தோசை மாவைப் புளிக்கவிட வேண்டியதில்லை. அரைத்த அன்றே ஊற்றிவிடுங்கள்.

அறிகுறி: பயறு சாப்பிட்டும் சீக்கிரம் பசிக்கிறது

தட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சோறு மலையாக இருந்து, ஓரத்தில் இரண்டு கரண்டி சுண்டல் இருந்தால் அது பயறுச் சாப்பாடு ஆகாது. காய்ந்த பயறில் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் புரதம் உண்டு. வெந்ததும் தண்ணீரைக் குடித்துப் பருத்துவிடுவதால் அதே 100 கிராமில் 7 முதல் 9 கிராம்தான் இருக்கும். பையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி பயறில் நாளைக்கு வேண்டிய புரதம் முழுவதையும் எதிர்பார்ப்பது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 50 முதல் 60 கிராம் காய்ந்த பயறு என்று அளந்து ஊறவைத்தால் வெந்ததும் ஒரு பெரிய கிண்ணம் வரும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு, பயறு அல்லது முட்டை, இறைச்சி வகை என்று சொல்லியிருக்கிறது. தானியத்துக்கு அது ஒதுக்கியது 250 கிராம். நம் வீட்டுத் தட்டில் இந்த விகிதம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரிசியை முற்றிலும் விலக்கத் தேவையில்லை. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் லைசின் அரிசியில் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. பயறில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதும் இல்லை, ஒரே நாளுக்குள் சேர்ந்தால் போதும். தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றாமல், கிண்ணம் நிறையக் குழம்பில் ஒரு கைப்பிடிச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியது அளவு மட்டும்தான்.

இரும்புச்சத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவதையோ நெல்லிக்காய்ப் பச்சடி வைத்துக்கொள்வதையோ விடாதீர்கள். பயறிலுள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும், ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

அறிகுறி: முளைகட்டியது வழவழக்கிறது

தண்ணீர் வடியவில்லை, காற்றுப் படவில்லை என்பதே காரணம். ஊறியதும் முழுவதும் வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, காலையும் மாலையும் ஒருமுறை அலசி மீண்டும் கட்டுங்கள். முளைக்கும் வெதுவெதுப்பான ஈரம் கெட்ட கிருமிகளுக்கும் பிடித்த இடம். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீட்டில் முளைப்பயறை ஆவியில் வேகவைத்துக் கொடுப்பதே நல்லது.

அறிகுறி: டப்பாவுக்குள் வண்டு, மணியில் துளை

வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. வயலிலேயே முட்டை வைத்துவிடும், நம் வீட்டு டப்பாவுக்குள் பொரிந்து வெளிவரும். நாலைந்து துளை மணிகள் என்றால் பொறுக்கிவிட்டு, தண்ணீரில் மிதப்பவற்றை எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பாதிக்கு மேல் துளை என்றால் சுவையும் போயிருக்கும், மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துச் சேமித்தது நம் விவசாயிகளின் பழைய வழி. அடுக்குமாடிக் குடியிருப்பில் செம்மண்ணுக்குப் பதிலாக உறைபெட்டி இருக்கிறது: வாங்கிவந்த பயறைக் காற்றுப்புகாத பையில் போட்டு நான்கைந்து நாள் அதில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் பயறின்மேல் ஈரம் பூக்காது. பிறகு காய்ந்த டப்பாவில் போட்டு, வாங்கிய மாதத்தை மூடியில் எழுதிவையுங்கள்.